பழைய ஃபாண்ட்ல இருக்குற எங்க சிற்றிதழை பார்வை இல்லாத வாசகர் ஒருத்தர் படிக்கணும், என்ன செய்யலாம்?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். தேனி பக்கத்துல நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் நடத்துறோம், 2012ல ஆரம்பிச்சது, 64 பக்கம், முன்னூறு பிரதி அச்சடிப்போம், அச்சு முடிஞ்ச கையோட பிடிஎஃப்பை வாட்ஸப்ல காசு வாங்காம எல்லாருக்கும் அனுப்பிருவோம். போன வாரம் ஒரு போன் வந்துச்சு. ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், வயசு எழுபதுக்கு மேல, சுகர்ல கண்ணு போய் ஆறு வருஷம் ஆச்சாம். பேரன் போன்ல டாக்பேக்னு திரையில இருக்குறதை வாசிச்சுச் சொல்ற வசதியைப் போட்டுக் கொடுத்திருக்கான், வாட்ஸப் மெசேஜ், செய்தி எல்லாம் அதுலதான் கேக்குறாராம். "தம்பி, யார் யாரோ அனுப்புறதெல்லாம் என் போன் வாசிக்குது, உங்க இதழைத் திறந்தா மட்டும் ஏபிசிடி சொல்லுது, தமிழ் இதழ்தானே நடத்துறீங்க"ன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணுமே புரியல. அவரே போனை ஸ்பீக்கர்ல போட்டு கேக்க வச்சாரு, நிஜமாவே ஜே, கே, செமிகோலன்னு ஏதேதோ வருது. பதினெட்டு வயசுலேர்ந்து சிற்றிதழ் வாசிக்கிற மனுஷன், இப்ப யாராவது வந்து வாசிச்சுக் காட்டினாத்தான் உண்டு, "யாருக்கு சார் நேரம் இருக்கு"ன்னு அவரே சொல்லிட்டு போனை வச்சுட்டாரு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

இது ஏன் இப்படி ஆகுது? இதுவரைக்கும் 50 இதழ் வந்திருக்கு, அதையெல்லாம் என்ன பண்றது? ஆரம்பத்துல வந்த மூணு இதழுக்கு ஃபைலே கிடையாது, அச்சடிச்சதை ஸ்கேன் பண்ணி வச்சிருக்கோம். அடுத்த வருஷம் வெப்சைட் வேற ஆரம்பிக்கிறதா இருக்கோம், அதையாவது முதல்லயே ஒழுங்கா செய்யணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க, பணம் பெருசா கிடையாது, ஆனா உக்காந்து வேலை பாக்க ஆள் இருக்கோம்.

விரல்நுனி:

வணக்கம் தோழர். நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன், கம்ப்யூட்டர்ல என்விடிஏங்கற திரைவாசிப்பான், போன்ல டாக்பேக், ஒரு பேங்க்ல வேலை பாக்குறேன். நீங்க கேட்டது எனக்கு தினமும் நடக்குற விஷயம்ங்கறதால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

திரைவாசிப்பான் எழுத்தோட உருவத்தைப் பாக்காது, உள்ள என்ன கோட் இருக்கோ அதைத்தான் வாசிக்கும். பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல உள்ள இருக்குறது தமிழே கிடையாது. இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் உருவத்தை ஒட்டி வச்சிருப்பாங்க. 'தமிழ்'னு பாமினில அடிச்சா உள்ள பதியிறது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன், அவ்வளவுதான். ஜே-ங்கற இடத்துல 'த' படத்தையும் கே-ங்கற இடத்துல 'ம' படத்தையும் வரைஞ்சு வச்சிருக்கறதால உங்க கண்ணுக்கு தமிழா தெரியுது. எனக்கு அந்தப் படம் கிடையாதே, அதனால ஜேகேபிஓ செமிகோலன்தான் வந்து சேரும். 64 பக்கமும் அப்படித்தான்.

சோதிச்சுப் பாக்க ரொம்ப ஈஸியான வழி ஒண்ணு, பிடிஎஃப்ல ஒரு வரியை செலக்ட் பண்ணி வாட்ஸப்ல ஒட்டிப் பாருங்க. இங்கிலீஷ் குப்பையா வந்தா பழைய ஃபாண்ட். செலக்டே ஆகலைன்னா அது வெறும் படம். தமிழா வருது ஆனா 'கொடி'ங்கறது கொம்பு முன்னாடி தனியா, கால் பின்னாடி தனியா பிச்சுப்போட்ட மாதிரி வந்தா அது மூணாவது வியாதி, தமிழுக்குன்னே தனி கோட் வச்சிருக்குற யூனிகோட்ல அடிச்சிருந்தாக்கூட பிடிஎஃப் ஆக்கும்போது எழுத்து வரிசை குலைஞ்சு போறது. நிறைய பேர் 'யூனிகோட்லதானே சார் போட்டோம்'னு சொல்லிட்டு நிறுத்திக்கிறது இந்த இடத்துலதான், போட்டதை ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டா தெரிஞ்சுரும்.

2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டாச்சு. இன்னைக்கும் எனக்கு வர்ற சுற்றறிக்கை, விண்ணப்பம், அழைப்பிதழ்னு பாதிக்கு மேல ஸ்கேன் பண்ண படமா இருக்கும், இல்ல பழைய ஃபாண்ட்ல இருக்கும். ஒரு தடவை எனக்கு மட்டும்னு வந்த ஒரு கடிதம், உடம்பு சம்பந்தப்பட்டது, படமா வந்ததால பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அவன் நல்ல பையன்தான், ஆனா அதை அவன் தெரிஞ்சுக்கணும்னு நான் நினைக்கல. எதை யார்கிட்ட சொல்லலாம்னு நாமளே முடிவு பண்ற உரிமை இருக்கு பாருங்க, அதுதான் முதல்ல போகுது.

அந்த வாத்தியாருக்கு உடனடியா ஏதாவது கொடுக்கணும்னா கடைசி இதழோட மேட்டரை மட்டும் வேர்ட் ஃபைலா யூனிகோட்ல மாத்தி அனுப்புங்க. டிசைன் எதுவும் வேணாம்.

டிடிபி_காலம்:

இருபத்தஞ்சு வருஷமா டிடிபி, அதாவது கம்ப்யூட்டர்ல அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கிற வேலை பாக்குறேன், இதுல எங்க தொழிலோட பங்கும் இருக்கு, அதனால சொல்றேன். அதுக்குப் பயன்படுத்துற பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர்ல யூனிகோட் தமிழ் வராது, அதனாலதான் நிறைய அச்சகத்துல இன்னும் பழைய ஃபாண்டை விடாம வச்சிருக்காங்க. அதுக்கு அப்புறம் வந்த இன்டிசைன்ல அந்தப் பிரச்சினை இல்ல, அதுல வேர்ல்டு ரெடி கம்போஸர்ங்கற செட்டிங்கைப் போட்டா யூனிகோட் தமிழ் உடையாம நிக்கும். அச்சகத்துக்காரர்கிட்ட அடுத்த இதழ்லேர்ந்து யூனிகோட்தான்னு கறாரா சொல்லிருங்க, முதல் ரெண்டு இதழுக்கு முணுமுணுப்பாரு, அப்புறம் பழகிரும்.

பழசை மாத்த இலவச கன்வெர்ட்டர் நெட்ல நிறைய இருக்கு, எந்த ஃபாண்ட்னு சரியா தெரிஞ்சா போதும். ஆனா அப்படியே மொத்தமா ஓட்டிட்டு விட்டுறாதீங்க, மூணு இடத்துல கண்டிப்பா மாட்டும்.

கட்டுரைக்கு நடுவுல இங்கிலீஷ் வார்த்தை இருந்தா கன்வெர்ட்டர் அதையும் தமிழ்னு நினைச்சு மாத்தி வச்சிரும். அதுக்கு எது தமிழ் ஃபாண்ட் எது இங்கிலீஷ் ஃபாண்ட்னு தெரியாது, அது கையில கிடைக்கிறது வெறும் எழுத்து. அதனால ஓட்டறதுக்கு முன்னாடியே இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் ஒதுக்கி வச்சிருங்க.

ரெண்டாவதுதான் பெரிய தலைவலி, வெளிய யாரும் பேசறதே இல்ல. 'ர்' அடிக்க வேண்டிய இடத்துல துணைக்காலைப் போட்டு மேல புள்ளி வைக்கிற பழக்கம் எங்க ஆளுங்ககிட்ட ரொம்ப நாளா இருக்கு, நானும் செஞ்சிருக்கேன். அச்சுல பாத்தா வித்தியாசமே தெரியாது. மாத்தின பிறகு பாத்தா 'அவர்'ங்கறதுல ர-வே இருக்காது, வ-வுக்குப் பின்னாடி ஒரு காலும் புள்ளியும்தான் இருக்கும், வாசிப்பான் அங்க தடுக்கி விழும், தேடினாலும் கிடைக்காது. அதே மாதிரி 'ஔ'வுக்கு பதிலா ஒ போட்டு பக்கத்துல ள போடுறது. இதுக்கெல்லாம் ஃபைண்ட் ரீப்ளேஸ் போட்டு ஒண்ணொண்ணா சரி பண்ணணும். ஒரு இதழுக்கு முதல் தடவை ஒரு நாள் புடிக்கும், அஞ்சாறு இதழ் போனா ரெண்டு மூணு மணி நேரத்துல முடிச்சிரலாம்.

மூணாவது, வரி முடிவுல ஹைஃபன் போட்டு வார்த்தையை உடைச்சிருப்போம் இல்லையா, அதெல்லாம் அப்படியே வந்து நடுவரியில உக்காந்துக்கும். நெடுக்குவாட்டுல ரெண்டா பிரிச்சுப் போட்ட பக்கமும் பிடிஎஃப்லேர்ந்து எடுத்தா இடது வலதுன்னு கலந்து வரும், அதனால பிடிஎஃப்பைத் தொடாதீங்க, பழைய பேஜ்மேக்கர் ஃபைலைத் தேடி எடுங்க.

ஸ்கேன் மட்டும் இருக்குற மூணு இதழை பத்துப் பத்து பக்கமா பிரிச்சு கூகுள் டிரைவ்ல ஏத்தி கூகுள் டாக்ஸா திறந்து பாருங்க, தமிழை ஓரளவு நல்லாவே எடுத்துக் கொடுக்குது. பிழை இருக்கும், பக்கத்துல அச்சுப் பிரதியை வச்சுக்கிட்டு ஒருத்தர் ஒப்பிட்டுப் பாக்கணும், அதுக்கு குறுக்கு வழி கிடையாது.

வைகைக்கரை:

நன்றி தோழர், நன்றி அண்ணே. விரல்நுனி சொன்ன மாதிரி வாட்ஸப்ல ஒட்டிப் பாத்தேன், 34 இதழ் முழுக்க இங்கிலீஷ் குப்பைதான், 13 இதழ் தமிழா வருது ஆனா கொம்பெல்லாம் இடம் மாறி நிக்குது, மிச்சம் மூணு ஸ்கேன். அதாவது இத்தனை வருஷத்துல பார்வை இல்லாத ஒருத்தர் படிக்கிற மாதிரி ஒரு இதழ்கூட நாங்க கொண்டு வரல. நாங்க கதவைச் சாத்தி வச்சிருக்கோம்னு எங்களுக்கே தெரியாது, அவரு போன் பண்ணலைன்னா இன்னும் அம்பது இதழ் இப்படியே போட்டிருப்போம்.

ரெண்டு சந்தேகம். பழைய இதழ்ல எழுதினவங்க சில பேர் இப்ப உயிரோட இல்ல, வேற வடிவத்துக்கு மாத்த அனுமதி வேணுமா? இன்னொண்ணு, எழுத்தை மாத்தறதுக்கு பதிலா நாங்களே வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி ஆடியோவா அனுப்பினா என்ன? எங்க குழுவுல ஒரு அக்கா நல்லா வாசிப்பாங்க, அவங்களும் சரின்னுட்டாங்க.

கிழக்கு_தாம்பரம்:

வெப் டெவலப்பரா இருக்கேன், வெப்சைட் பத்தி சொல்றேன். தயவு செஞ்சு முகப்புல ஒரு அட்டைப்படம், கீழ 'இதழைப் பதிவிறக்க'ன்னு ஒரு பிடிஎஃப் பட்டன், இதோட நிறுத்திறாதீங்க. ஒவ்வொரு கதையும் கட்டுரையும் தனித்தனி வெப் பக்கமா எழுத்தா இருக்கட்டும், அதுதான் எல்லா வாசிப்பானுக்கும் ஒத்து வரும், போன்ல படிக்கிறவங்களுக்கும் எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கிறவங்களுக்கும் அதான் வசதி. முழு இதழா வேணும்னு கேக்குறவங்களுக்கு இபப்ங்கற மின்னூல் வடிவத்துல கொடுங்க, லிப்ரேஆபீஸ்ல வேர்ட் ஃபைலைத் திறந்து அப்படியே இபப்பா எக்ஸ்போர்ட் பண்ணலாம், காசு கிடையாது.

தலைப்பை வெறுமனே எழுத்தைப் பெருசாக்கி போல்டு பண்ணி வைக்காதீங்க, ஹெட்டிங் ஸ்டைல் கொடுங்க. என்விடிஏல ஹெச் கீயைத் தட்டினா தலைப்பு தலைப்பா தாவிப் போகலாம், அந்த ஸ்டைல் இல்லைன்னா 64 பக்கத்தையும் முதல்லேர்ந்து கேட்டுத்தான் அவங்க தேடுற கதைக்கு வரணும். அப்புறம் பக்கத்தோட மொழி தமிழ்னு கோட்ல குறிச்சிருக்கணும். நிறைய தமிழ் சைட்ல டெம்ப்ளேட்டோட வந்த இங்கிலீஷே அப்படியே கிடக்கும், வாசிப்பான் இங்கிலீஷ் குரலை எடுத்துக்கிட்டு தமிழை என்ன பண்றதுன்னு தெரியாம திணறும். ஒரே ஒரு வார்த்தை மாத்துற வேலைதான் அது. சாம்பல் பின்னணில வெளிர் சாம்பல் எழுத்து போடுறது இப்ப ஃபேஷனா இருக்கு, அதை விட்டுருங்க, வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்துற மாதிரி அமைக்க உலக அளவுல இருக்குற டபிள்யூசிஏஜி விதிப்படி எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5-க்கு 1 வித்தியாசம் இருக்கணும். சந்தா படிவத்துல படத்தைப் பாத்து எழுத்தை அடிங்கன்னு கேப்சா வைக்கவே வைக்காதீங்க.

சட்டமும் இதுல இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே தகவல் தொழில்நுட்பம் எல்லாரும் பயன்படுத்துற மாதிரி இருக்கணும்னு சொல்லியிருக்கு. 2025 ஏப்ரல் 30 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேல போச்சு. ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்ட பெண்களும் பார்வை இல்லாத ஒரு வழக்கறிஞரும் போட்ட வழக்குகள் அது. கேஒய்சிக்கு, அதாவது பேங்க் மாதிரி இடத்துல நாம யாருன்னு சரிபாக்குறதுக்கு, கேமரா முன்னாடி கண்ணைச் சிமிட்டச் சொல்றாங்க, இமையே சிதைஞ்சு போன ஒருத்தங்க எப்படி சிமிட்டுவாங்க? டிஜிட்டல் வசதியை அணுகுறதும் அரசியல் சாசனம் 21வது பிரிவு தர்ற வாழ்வுரிமைக்குள்ளதான் வருதுன்னு கோர்ட் சொல்லிருச்சு, 20 உத்தரவும் போட்டுச்சு. சிற்றிதழ் நடத்துறவங்க மேல யாரும் கேஸ் போடப் போறதில்ல, ஆனா பார்வை இல்லாத வாசகர் கேக்குறது சலுகை இல்லங்கறதை நாம மனசுல வச்சுக்கணும்.

அனுமதி பத்தி, 2012ல பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினப்பவே மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவத்துக்கு மாத்தி, லாப நோக்கம் இல்லாம அவங்களுக்குக் கொடுக்க வழி பண்ணிட்டாங்க. பார்வை இல்லாதவங்க படிக்கிற வடிவத்துல புத்தகம் கிடைக்கணும்னு நாடுகள் சேர்ந்து போட்ட மராகேஷ் ஒப்பந்தத்தை 2014ல உலகத்துலயே முதல்ல உறுதி செஞ்ச நாடும் இந்தியாதான். அதனால வாத்தியாருக்கு தனியா மாத்திக் கொடுக்க நீங்க தயங்க வேண்டியதே இல்ல. எல்லாரும் படிக்கிற மாதிரி வெப்சைட்ல போடுறது மட்டும் வேற விஷயம், அதுக்கு எழுதினவங்ககிட்ட, இல்லைன்னா குடும்பத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க.

விரல்நுனி:

ஆடியோ பத்தி நான் சொல்லணும். அக்கா வாசிச்சுக் கொடுக்கறேன்னு சொன்னது பெரிய மனசு, கவிதையும் கதையும் ஒரு நல்ல குரல்ல கேக்குறது தனி சுகம்தான், கண்டிப்பா பண்ணுங்க. ஆனா எழுத்துக்கு பதிலா ஆடியோன்னு மட்டும் முடிவு பண்ணிறாதீங்க. அவரு தமிழ் வாத்தியார். ஒரு கவிதையில 'அரம்'னு இருக்கா 'அறம்'னு இருக்கான்னு அவருக்குத் தெரியணும், எழுத்தா இருந்தா எழுத்தெழுத்தா நகர்த்தி வாசிச்சுப் பாத்துக்குவாரு. ஒரு வரியை எடுத்து வாசகர் கடிதத்துல மேற்கோள் காட்டணும்னா காப்பி பண்ணணும். நான் என்விடிஏயை ஓட்டுற வேகத்துக்கு ஒரு 64 பக்கத்தை ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சிருவேன், கூட இருக்குறவங்களுக்கு அது இரைச்சலாத்தான் கேக்கும். பிரெய்ல் டிஸ்பிளே வச்சிருக்குறவங்க விரலாலயே படிப்பாங்க, அதுக்கும் உள்ள எழுத்து இருந்தாகணும். ஆடியோல நான் அடுத்தவங்க வேகத்துல, அடுத்தவங்க நிறுத்துற இடத்துல கேக்குறேன். எழுத்துல நானே வாசகன்.

என்விடிஏ பத்தி ஒரு விஷயம், 2006ல ஆஸ்திரேலியாவுல பார்வை இல்லாத ஒரு இளைஞர் ஆரம்பிச்சது, பார்வை இல்லாத இன்னொரு நண்பரும் கூடச் சேர்ந்து கட்டினது. அப்பல்லாம் திரைவாசிப்பான் சாஃப்ட்வேர் விலையைக் கேட்டா ஒரு கம்ப்யூட்டரே வாங்கிரலாம். அது இலவசமா கிடைச்சதாலதான் என்னை மாதிரி ஆயிரக்கணக்கான பேர் இன்னைக்கு ஆபீஸ்ல உக்காந்திருக்கோம். நீங்களும் உங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி, மானிட்டரை அணைச்சுட்டு உங்க இதழை நீங்களே ஒரு தடவை கேளுங்க. யார் சொல்றதையும் விட அது நல்லா சொல்லிக் கொடுக்கும்.

மஞ்சளாறு:

இடையில வர்றேன், மன்னிக்கணும். நான் வீல்சேர்ல இருக்குறவ. நீங்க எந்த இதழ்னு எனக்குத் தெரியல, பொதுவா சொல்றேன். எங்க ஊர்ல நடந்த ஒரு இதழ் வெளியீட்டு விழாவுல என் கவிதையும் இருந்துச்சு, விழா வச்சது ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போறோம்னாங்க, அன்பாத்தான் சொன்னாங்க, ஆனா எனக்கு மூட்டையாப் போய் மேடையேற மனசு வரல, கீழ ஆட்டோவுலயே உக்காந்து மைக்ல என் பேரைக் கூப்பிடுறதைக் கேட்டுட்டு வந்துட்டேன். வெப்சைட்டைச் சரி பண்றப்ப கூட்டம் நடத்துற இடத்தையும் பாருங்க. தரைத்தளம், வாசல்ல சரிவுப் பலகை, உள்ள போக முடியுற ஒரு பாத்ரூம். ஜூம் கூட்டம் வச்சா பேச்சை எழுத்தா அப்புறமாவது போடுங்க, காது கேக்காத வாசகர்களும் இருப்பாங்க, அவங்க உங்களுக்கு போன் பண்ணிச் சொல்ல மாட்டாங்க இல்லையா.

வைகைக்கரை:

மஞ்சளாறு அக்கா, நாங்களும் மாடியிலதான் கூட்டம் நடத்துறோம். தெரிஞ்ச ஒருத்தரோட இடம், வாடகை இல்லங்கறதால அங்கயே பழகிருச்சு. இதை எழுதுறதுக்கு முன்னாடி மத்த மூணு பேர்கிட்டயும் பேசிட்டேன், அடுத்த கூட்டத்துக்கு கீழ ஒரு இடம் பாக்குறோம்.

கடைசி இதழை மாத்தி முடிச்சேன், ஒன்றரை நாள் ஆச்சு. துணைக்கால் புள்ளி மட்டும் 212 இடம், டிடிபி அண்ணன் சொல்லலைன்னா அதைக் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். மானிட்டரை அணைச்சுட்டு கேட்டும் பாத்தேன். நட்சத்திரக் குறி, கோடு, பக்க எண், பக்கத்துக்குப் பக்கம் மேல வர்ற இதழ் பேர் எல்லாத்தையும் அது விடாம வாசிக்குது, ஒரு கதையில அம்மா செத்துப்போற வரிக்கு நடுவுல இதழ் பேரும் 37-ம் வந்துச்சு. எடுத்துட்டேன் எல்லாத்தையும். ராத்திரி எட்டு மணிக்கு சாருக்கு அனுப்பினேன், காலையில அஞ்சரைக்கு போன் பண்ணாரு, ராத்திரியே முழுசா முடிச்சுட்டாராம், மூணாவது கதையில ஒரு ஒற்றுப்பிழை, கவிதைப் பக்கத்துல 'கரை'ன்னு வர வேண்டிய இடத்துல 'கறை'ன்னு இருக்குன்னு சொல்லி என்கிட்ட சண்டை. அச்சுப் பிரதியைத் திறந்து பாத்தா அதுலயும் அப்படியேதான் இருக்கு, நாங்க நாலு பேரும் ப்ரூஃப் பாத்தும் விட்டிருக்கோம்.

இன்னும் ரெண்டு கேள்வி. உள்ள வர்ற கோட்டோவியங்களுக்கு என்ன எழுதுறது? கட்டுரைக்கு அடிக்குறிப்பு இருந்தா அதை எங்க வைக்கிறது?

விரல்நுனி:

ஓவியத்துக்கு என்ன இருக்கோ அதை ஒரு ரெண்டு வரியில எழுதுங்க, 'ஓவியம்'னு மட்டும் போட்டுட்டு விட்டுறாதீங்க, உங்க விமர்சனத்தையும் அதுல ஏத்தாதீங்க. 'கிணத்து மேட்டுல கிழவி ஒருத்தி முதுகு காட்டி உக்காந்திருக்கா, பக்கத்துல காலிக் குடம்' இந்த அளவு போதும், மிச்சத்தை நாங்க யோசிச்சுக்குவோம். வரைஞ்சவரையே எழுதித் தரச் சொன்னா இன்னும் நல்லது. வெறும் பூ, கொடி அலங்காரமா இருந்தா எதுவும் எழுத வேணாம், வாசிப்பான் கண்டுக்காம போறதுக்கு டெவலப்பர் தம்பி வழி சொல்வாரு.

அடிக்குறிப்பைக் கட்டுரை முடிவுல மொத்தமா வச்சு, எண்ணுல லிங்க் கொடுங்க, அங்கேர்ந்து விட்ட இடத்துக்குத் திரும்பி வர்றதுக்கும் ஒரு லிங்க் வேணும், இதை மட்டும் மறந்துறாதீங்க, திரும்பி வர முடியாம நான் பாதியில விட்ட கட்டுரை எவ்வளவோ இருக்கு. முடிஞ்சா அந்த வேர்ட் ஃபைலை எனக்கும் அனுப்புங்க, அந்த மூணாவது கதையைப் படிக்கணும்.